கணினியைக் கடைசியாக வாங்குங்கள்: பழைய அலுவலகக் கணினிகளை 64 பிட்டுக்கு மாற்றுவது எப்படி?

ஈரோட்டில் எங்கள் குடும்பத்துக்கு ஒரு மஞ்சள் மண்டி. ஏழு கணினிகள், ஓர் எடைமேடை, மூன்று டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர்கள். பெரும்பாலானவை 32 பிட் விண்டோஸ் 7. (பிட் என்பது கணினி ஒரே மூச்சில் கையாளும் தகவலின் அளவு; விண்டோஸ் 11 64 பிட்டில் மட்டுமே வருகிறது.) பின்னறையில் ஒன்று மட்டும் விண்டோஸ் எக்ஸ்பி. பில் போடும் புரோகிராம் ஃபாக்ஸ்புரோ என்ற பழைய டேட்டாபேஸ் மென்பொருளில், விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்தில் எழுதப்பட்டது. எழுதியவர் இப்போது தொழிலிலேயே இல்லை.

பிப்ரவரி மாதம், வரத்து தொடங்கிய வாரத்தில், 64 பிட் விண்டோஸ் 11 உள்ள நான்கு புதுக் கணினிகளை ஆசையாக இறக்கினேன். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு எடைமேடையில் மூன்று லாரிகள் நின்றன. டிரைவர் (கருவியைக் கணினியோடு பேசவைக்கும் மென்பொருள்) சரியில்லாமல் திரையில் எடை வரவில்லை. பில் புரோகிராம் திறக்கவே மறுத்தது. கணக்குப்பிள்ளை மேசை இழுப்பறையிலிருந்து கார்பன் தாளை எடுத்து விரித்து, கையால் பில் எழுத ஆரம்பித்தார். “தம்பி, இதற்கு டிரைவர் எல்லாம் வேண்டாம்” என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி.

அன்றே பழைய பெட்டிகளைத் திரும்ப மாட்டிவிட்டு, சீசன் முடிந்தபின் ஜூன் கடைசியில் முதலிலிருந்து தொடங்கினேன். இரண்டாம் முறை எந்த லாரியும் காத்திருக்கவில்லை. அந்த இரண்டாம் முறையின் வரிசைதான் இது. மண்டி, மருந்துக்கடை, நிதி நிறுவனம், அச்சகம் என எந்தச் சிறு தொழிலாக இருந்தாலும் பெரும்பகுதி பொருந்தும்.

1. ஒரு நோட்டுப் புத்தகம் எடுங்கள்

கடைக்குப் போவதற்கு முன் ஒவ்வொரு கணினிக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். இடப்பக்கம் கணினியைப் பற்றி: பிராசசர் எண், ரேம், விண்டோஸ் எத்தனை பிட். வலப்பக்கம் அதன் முதுகில் செருகியிருப்பவை. மேசைக்கு அடியில் குனிந்து, ஒவ்வொரு கம்பியையும் கையால் பிடித்து மறுமுனை வரை போய்ப் பாருங்கள். நினைவிலிருந்து எழுதினால் ஏதாவது ஒன்று விட்டுப்போகும். எனக்கு விட்டுப்போனது எடைமேடைக் கம்பி.

விண்டோஸ் 10-இல் சிஸ்டம் விவரப் பக்கத்தைத் திறந்தால் இரண்டு தகவல்கள் சேர்ந்து வரும். “32 பிட் ஆபரேட்டிங் சிஸ்டம், எக்ஸ்64 பிராசசர்” என்று இருந்தால் பதற வேண்டாம். பிராசசர் 64 பிட்டுக்குத் தயாராக இருக்கிறது, மேலே போட்ட விண்டோஸ்தான் 32 பிட் என்று பொருள். இரண்டு ஜிபி ரேம் இருந்த காலத்தில் கடைக்காரர்கள் பழக்கத்தில் 32 பிட்டையே போட்டுக் கொடுத்தார்கள்.

ஆனால் விண்டோஸ் 11-க்கு அது மட்டும் போதாது. இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை முதல்தான் அதிகாரபூர்வமாக ஏற்கும், விதிவிலக்குகள் மிகச் சில. பிராசசர் எண்ணில் கோட்டுக்குப் பின்னால் வரும் இலக்கங்களைப் பாருங்கள்: ஐ5-7400 ஏழாம் தலைமுறை, ஐ5-8400 எட்டாம் தலைமுறை, ஐ3-10100 பத்தாம் தலைமுறை. இதனுடன் டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி, நம்பகமான சிஸ்டத்தை மட்டும் எழுப்பும் செக்யூர் பூட், குறைந்தது 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம் வேண்டும். டி.பி.எம். இல்லை என்று காட்டினால் உடனே நம்பாதீர்கள்; பல மதர்போர்டுகளில் அது பயாஸில், அதாவது விண்டோஸ் எழும்புவதற்கு முன் வரும் அமைப்புத் திரையில், அணைத்து வைக்கப்பட்டிருக்கும். இன்டெலில் பி.டி.டி. என்றும், ஏ.எம்.டி.யில் எஃப்.டி.பி.எம். என்றும் பெயர் இருக்கும். அதை இயக்கிவிட்டு மறுபடி பாருங்கள். எங்கள் ஏழில் ஒன்று இப்படித்தான் செலவே இல்லாமல் தப்பித்தது.

தகுதியில்லாத கணினியிலும் குறுக்கு வழியில் விண்டோஸ் 11 போட்டுத் தருவதாகச் சொல்வார்கள். வீட்டில் படம் பார்க்கிற பெட்டிக்குச் சரி, கணக்கு இருக்கிற பெட்டிக்கு வேண்டாம். அப்படிப் போட்டதற்கு அப்டேட் வரும் என்ற உறுதியை மைக்ரோசாஃப்ட் தருவதில்லை. கோர் 2 டுவோ போன்ற மிகப் பழையவற்றில் விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு எழும்பவே எழும்பாது. அது கேட்கும் சில கட்டளைகள் அந்தப் பிராசசர்களில் இல்லை.

2. மென்பொருளின் வயதைக் கண்டுபிடியுங்கள்

மாறுதலில் உயிர்நாடியான வேலை இதுதான். இதற்கு இரண்டு நாள் ஒதுக்கினாலும் வீணில்லை.

விதி எளிது. 64 பிட் விண்டோஸில் 64 பிட் புரோகிராம்கள் ஓடும். 32 பிட் புரோகிராம்களும் பெரும்பாலும் ஓடும். 16 பிட் புரோகிராம்கள், அதாவது டாஸ் காலத்தவையும் விண்டோஸ் 3.1 காலத்தவையும், நேரடியாக ஓடவே ஓடாது (டாஸுக்கான சுற்றுவழி ஏழாம் பகுதியில்). விண்டோஸ் 11-இல் 32 பிட் பதிப்பே கிடையாது என்பதால் பின்வாசலும் இல்லை.

உங்கள் புரோகிராம் எந்த வகை என்று தெரியவில்லையா? பழைய 32 பிட் கணினியில் அதைத் திறந்து வைத்துக்கொண்டு டாஸ்க் மேனேஜரைப் பாருங்கள். ஓடும் பட்டியலில் என்.டி.வி.டி.எம். என்ற பெயர் இருந்தால் முடிந்தது கதை. அது 16 பிட் அல்லது டாஸ் புரோகிராம். அந்தப் பெயர் இல்லாவிட்டால் 32 பிட்டாக இருக்க வாய்ப்பு அதிகம். விஷுவல் பேசிக் 6-இல் எழுதியவை, விஷுவல் ஃபாக்ஸ்புரோ 9-இல் எழுதியவை இரண்டும் 32 பிட். இவை விண்டோஸ் 11-இலும் நடக்கும்.

இங்கே ஒரு பொறி. புரோகிராம் 32 பிட்டாக இருந்து, அதை நிறுவும் செட்டப் மட்டும் 16 பிட்டாக இருக்கலாம். 1990-களின் பிற்பகுதியில் வந்த பல சிடிக்கள் இந்த ரகம். “இந்தப் புரோகிராம் உங்கள் கணினியில் ஓடாது” என்ற செய்தி செட்டப்பைப் பற்றியதா, புரோகிராமைப் பற்றியதா என்று பிரித்துப் பாருங்கள்.

இரண்டாவது பொறி, புரோகிராமை டேட்டாபேஸோடு இணைக்கும் ஓ.டி.பி.சி. என்ற விண்டோஸ் வசதி. எங்கள் எடைச்சீட்டுப் புரோகிராம் ஆக்சஸ் டேட்டாபேஸைத் தேடிக்கொண்டே இருந்தது. நான் கண்ட்ரோல் பேனலில் இணைப்பை எத்தனை முறை உருவாக்கினாலும் அதன் கண்ணில் படவில்லை. 64 பிட் விண்டோஸில் ஓ.டி.பி.சி. நிர்வாகி இரண்டு உண்டு. 32 பிட் புரோகிராமுக்கான இணைப்பை 32 பிட் நிர்வாகியில்தான் உருவாக்க வேண்டும். அதைத் தேடிப் போனால் இன்னொரு வேடிக்கை: சிஸ்டம்32 என்ற ஃபோல்டரில் 64 பிட் கோப்புகள் இருக்கும், 64 என்று பெயரில் போட்ட சிஸ்வாவ்64 ஃபோல்டரில் 32 பிட் கோப்புகள் இருக்கும். பெயர் வைத்தவர் அன்றைக்கு என்ன மனநிலையில் இருந்தாரோ.

எக்செல் மேக்ரோக்கள் (எக்செல் வேலையைத் தானாகச் செய்ய எழுதிய சிறு நிரல்கள்) வைத்திருப்பவர்கள் ஆஃபீஸை 32 பிட் பதிப்பாகவே போட்டுக்கொள்ளலாம். விண்டோஸ் 64 பிட் என்பதற்காக ஆஃபீஸும் 64 பிட்டாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. பழைய மேக்ரோக்களில் விண்டோஸை நேரடியாக அழைக்கும் வரிகள் இருந்தால், 64 பிட் ஆஃபீஸில் அவற்றைத் திருத்தி எழுத வேண்டியிருக்கும்.

பழைய தமிழ் எழுத்துருவில் தட்டிய கடிதங்கள் இருந்தால் அந்த எழுத்துருக் கோப்புகளையும் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். யூனிகோடுக்கு முந்தைய எழுத்துரு இல்லாவிட்டால் விவசாயிக்கு எழுதிய கடிதம் வெறும் கிறுக்கலாகத் தெரியும்.

3. காகிதங்களைச் சேருங்கள்

ஒரே கோப்பில் இவை இருக்க வேண்டும்: ஒவ்வொரு கணினியின் கொள்முதல் பில், விண்டோஸ் உரிமத்தின் ஸ்டிக்கர் அல்லது எண், ஆஃபீஸ் சீரியல் எண்கள், கணக்கு மென்பொருளின் சீரியல் எண்ணும் அது பதிவான மின்னஞ்சலும், டாங்கிள் (மென்பொருள் ஓடுவதற்காகக் கணினியில் செருகும் உரிமச் சாவி) இருந்தால் அதன் எண், எடைமேடை பராமரிப்பு ஒப்பந்தம்.

அந்த மின்னஞ்சலில் அழுத்தம் கொடுத்துச் சொல்கிறேன். எங்கள் கணக்கு மென்பொருளான டேலியின் உரிமம் பத்து ஆண்டுகளுக்கு முன் வேலையை விட்டுப்போன ஒருவரின் சொந்த மின்னஞ்சலில் பதிவாகியிருந்தது. அதை மாற்றவே ஒரு வாரம் பிடித்தது. உங்களுடையது யார் பெயரில் இருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள்.

டேலியைப் புதுக் கணினிக்குக் கொண்டுபோகும் முன் பழைய கணினியில் உரிமத்தை சரண்டர் செய்ய வேண்டும். பழைய பெட்டியை அழித்துவிட்டு அப்புறம் இதை நினைத்தால் தலைவலிதான்.

விண்டோஸ் உரிமத்தைப் பொறுத்தவரை, கணினியோடு வந்த ஓ.இ.எம். உரிமம் அந்த மதர்போர்டோடு கட்டுண்டது. புதுப் பெட்டிக்கு வராது. அதே பெட்டியில் 32 பிட்டிலிருந்து 64 பிட்டுக்குப் போக, அதே பதிப்பாக இருந்தால், புது உரிமம் வாங்க வேண்டியதில்லை. விண்டோஸ் 7 எண்ணை வைத்து இலவசமாக மேலேறும் வழி 2023-இல் அடைக்கப்பட்டுவிட்டது.

இன்னொரு காகித விஷயம். ஜி.எஸ்.டி. சட்டப்படி கணக்குப் பதிவுகளை, ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய நாளிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்க வேண்டும். பழைய புரோகிராமைத் தூக்கி எறிந்தாலும் அதன் கணக்கு அதுவரை படிக்கக்கூடிய நிலையில் இருந்தாக வேண்டும். வெறும் டேட்டா கோப்பைப் பென் டிரைவில் வைத்துக்கொண்டு, திறக்கப் புரோகிராம் இல்லாமல் நின்றால் ஆய்வுக்கு வருகிறவரிடம் என்ன காட்டுவீர்கள்?

4. நாள் பாருங்கள்

தொழிலின் சீசனைத் தவிர்ப்பது முதல் விதி. எங்களுக்குப் பிப்ரவரி முதல் மே வரை மூச்சுவிட நேரமிருக்காது. பட்டாசுக் கடை என்றால் தீபாவளிக்கு முந்தைய இரண்டு மாதம், பள்ளிப் புத்தகக் கடை என்றால் மே, ஜூன்.

மாதத்துக்குள்ளும் நாள் பார்க்க வேண்டும். மாதந்தோறும் ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் தாக்கல் செய்கிறவர்களுக்கு 11-ஆம் தேதி விற்பனை விவரமான ஜி.எஸ்.டி.ஆர்-1, 20-ஆம் தேதி வரி கட்டும் ஜி.எஸ்.டி.ஆர்-3பி. ஆகவே 21 முதல் மாத இறுதி வரைதான் நிம்மதியான காலம். தணிக்கைக்கு உட்பட்டவர்கள் செப்டம்பரையும், எல்லோரும் மார்ச்சையும் விட்டுவிடுங்கள்.

வாங்கும் காலத்திலும் ஒரு கணக்கு இருக்கிறது. வருமான வரியில் கணினிக்குத் தேய்மானம் 40 சதவீதம். ஆனால் அந்த நிதியாண்டில் 180 நாட்களுக்குக் குறைவாகப் பயன்படுத்தினால் அதில் பாதிதான் கிடைக்கும். செப்டம்பர் முடிவதற்குள் வாங்கிப் பயன்பாட்டில் வைத்துவிட்டால் முழுமையாகக் கோரலாம்.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. அவகாசம் வேண்டும் என்றால் தொழில் நிறுவனங்கள் கூடுதல் பாதுகாப்பு அப்டேட்டை விலைக்கு வாங்கலாம்: முதல் ஆண்டு ஒரு கணினிக்கு 61 டாலர், ஒவ்வோர் ஆண்டும் இரட்டிப்பாகும், அதிகபட்சம் மூன்று ஆண்டு. ஒரு சீசனைத் தாண்ட உதவும், அதற்குமேல் காசுக்குக் கேடு. விண்டோஸ் 7-க்கு அந்த வாய்ப்பும் இல்லை.

5. இப்போது வாங்கலாம்

நோட்டுப் புத்தகம் நிறைந்தபின் கடைக்குப் போங்கள். நான் கொடுத்த விலைகளைச் சொல்கிறேன்; ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் மாறும். மானிட்டர் இல்லாத புது ஐ3 கணினி, 8 ஜிபி ரேம், எஸ்.எஸ்.டி.யுடன் 34,000 ரூபாய். புதுப்பிக்கப்பட்ட எட்டாம் தலைமுறை ஐ5 பெட்டி 17,000. பில் மட்டும் போடும் மேசைக்கு இரண்டாவதே தாராளம். பழைய பிரிண்டரைச் செருக பேரலல் போர்ட் கார்டு 900, எடைமேடைக்கு நல்ல சீரியல் மாற்றுக் கம்பி 1,200. டெக்னீஷியனின் மூன்று நாள் கூலியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெட்டியின் விலையில் ஐந்தில் ஒரு பங்கு இப்படி உதிரியாகப் போகும் என்று கணக்கு வைத்தால் ஏமாற மாட்டீர்கள்.

பில் உங்கள் நிறுவனத்தின் பெயரில், உங்கள் ஜி.எஸ்.டி. எண்ணோடு இருக்க வேண்டும். 18 சதவீத வரியை உள்ளீட்டு வரி வரவாக எடுக்க அதுவே வழி. என் பெயரில் போட்டுவிட்ட ஒரு பில்லை மாற்றி வாங்க மூன்று முறை நடந்தேன். பில்லில் விண்டோஸ் தனியாகக் குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். அசெம்பிள் செய்த பெட்டியில் “விண்டோஸ் போட்டுத் தருகிறோம்” என்றால் பெரும்பாலும் அது உரிமம் இல்லாதது. இணையத்தில் சில நூறு ரூபாய்க்கு விற்கும் எண்களும் அப்படித்தான்.

ஹோம் பதிப்பா, புரோ பதிப்பா? ஹைப்பர்-வி மெய்நிகர் கணினியோ (கணினிக்குள் மென்பொருளாகவே ஓடும் இன்னொரு கணினி), வெளியிலிருந்து ரிமோட் டெஸ்க்டாப்பில் நுழையும் வசதியோ வேண்டுமென்றால் புரோ. மற்றவர்களுக்கு ஹோம் போதும்.

மெலிந்த, பேட்டரி நாள் முழுக்க நிற்கிற ஸ்னாப்டிராகன் மடிக்கணினிகளைக் கடையில் காட்டுவார்கள். அவை ஆர்ம் என்ற வேறு வகைப் பிராசசர் கொண்டவை; இன்டெலும் ஏ.எம்.டி.யும் சேர்ந்த எக்ஸ்86 குடும்பம் அல்ல. விண்டோஸ் 11 அதில் வழக்கமான புரோகிராம்களை உருமாற்றி ஓட்டிவிடும். டிரைவர்களை மட்டும் அப்படி ஓட்ட முடியாது. ஆர்மிற்கென்றே எழுதிய டிரைவர் வேண்டும். உங்கள் பழைய பிரிண்டருக்கும், டாங்கிளுக்கும், டிஜிட்டல் கையொப்பத்துக்காகக் கணினியில் செருகும் டோக்கனுக்கும் அப்படி ஒன்று இருக்கிறதா என்று உற்பத்தியாளரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். என் தம்பி ஒன்று வாங்கியிருக்கிறான். அருமையான கருவி. ஆனால் அதை எடைமேடைப் பக்கம் கொண்டுவர நான் விடுவதில்லை.

6. நகல் எடுங்கள், எடுத்த நகலைத் திறந்து பாருங்கள்

32 பிட் விண்டோஸின் மேலேயே 64 பிட்டை ஏற்ற முடியாது. அழித்துவிட்டுப் புதிதாகத்தான் போட வேண்டும். அதனால் நகல் எடுக்காமல் எந்தப் பெட்டியிலும் கை வைக்காதீர்கள்.

எடைச்சீட்டுப் புரோகிராமின் ஃபோல்டரை அப்படியே பென் டிரைவில் எடுத்து, புதுக் கணினியில் வைத்துத் திறந்தேன். 2016-க்குப் பிந்தைய சீட்டு ஒன்றுகூட இல்லை. வயிறு கலங்கிவிட்டது. அரை நாள் தேடியபின் தெரிந்தது இதுதான்: பழைய புரோகிராம்கள் புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டருக்குள் எழுத முயலும்போது, விண்டோஸ் அதைத் தடுத்து, சத்தமில்லாமல் வேறோர் இடத்தில் எழுதவைக்கிறது. அந்த இடம் பயனரின் ஆப்டேட்டாவுக்குள், லோக்கலுக்குள், வெர்ச்சுவல்ஸ்டோர் என்ற மறைந்த ஃபோல்டர். எங்களுடைய அத்தனை ஆண்டுச் சீட்டுகளும் அங்கே பத்திரமாக இருந்தன. உங்கள் நகலில் அந்த ஃபோல்டரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். புதுக் கணினியில் இப்படிப்பட்ட புரோகிராமை டி டிரைவில் தனி ஃபோல்டரில் போடுங்கள்.

கோப்புகளோடு நிற்காமல் முழு டிஸ்க்கையும் அப்படியே பிரதி எடுங்கள். மைக்ரோசாஃப்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தரும் டிஸ்க்2விஎச்டி என்ற இலவசக் கருவி, ஓடிக்கொண்டிருக்கும் கணினியையே வி.எச்.டி. என்ற மெய்நிகர் டிஸ்க் கோப்பாக மாற்றிவிடும். வெளி ஹார்ட் டிஸ்க்கில் இரண்டு பிரதி வையுங்கள். ஒன்று வீட்டில், ஒன்று மண்டியில். பிறகு அந்த நகலிலிருந்து நேற்றைய பில் ஒன்றைத் திறந்து பாருங்கள். அது திறந்தால்தான் நகல் எடுத்ததாக அர்த்தம்.

7. டாஸ் புரோகிராமுக்கு ஒரு குடிசை

மூன்று வழிகள். வி-டாஸ் என்ற மென்பொருள் தொழில் புரோகிராம்களை மனதில் வைத்தே செய்தது. அச்சு வேலையை விண்டோஸ் பிரிண்டருக்குத் திருப்பிவிடும், பலர் ஒரே கோப்பைத் திறக்கும்போது பூட்டுப் போடுவதையும் கவனிக்கும். டாஸ்பாக்ஸ் எல்லோருக்கும் தெரிந்த பெயர், ஆனால் விளையாட்டுகளுக்காகச் செய்தது. இரண்டு பேர் ஒரே பேரேட்டில் எழுதும் இடத்தில் அதை நம்பாதீர்கள். மூன்றாவது, விர்ச்சுவல்பாக்ஸில் ஒரு மெய்நிகர் கணினி. அதற்குள் ஃப்ரீடாஸ் என்ற இலவச டாஸைப் போட்டால் உரிமத் தொல்லை இல்லை. முன்பு எடுத்த வி.எச்.டி.யையும் அதில் ஓட்டலாம், ஆனால் ஓ.இ.எம். விண்டோஸ் உரிமம் மெய்நிகர் பெட்டிக்குச் செல்லாது, ஆக்டிவேஷனும் போய்விடும். அவசரத்துக்குப் பழைய கணக்கைப் பார்க்கும் வழியாக மட்டும் அதை நினையுங்கள். உள்ளே இருக்கும் பழைய விண்டோஸுக்கு நெட் இணைப்புக் கொடுக்காதீர்கள்.

நான் வி-டாஸ் எடுத்தேன். மூன்று மேசைகளில் ஓடுகிறது. இது குடிசைதான், வீடு அல்ல. இரண்டு ஆண்டுக்குள் பில்லிங்கை வேறு மென்பொருளுக்கு மாற்ற வேண்டும் என்று கணக்குப்பிள்ளையிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அவர் பதில் சொல்லவில்லை.

8. பிரிண்டர், எடைமேடை, டோக்கன்

புது மதர்போர்டுகளில் பேரலல் போர்ட் பெரும்பாலும் இல்லை. யூ.எஸ்.பி.-பேரலல் கம்பி வாங்கினால் விண்டோஸ் புரோகிராம்கள் அச்சடிக்கும், ஆனால் எல்.பி.டி.1 என்ற போர்ட்டைத் தேடும் பழைய புரோகிராம்கள் அதைப் பார்க்காது. உண்மையான போர்ட் வேண்டுமென்றால் பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் கார்டு செருகுங்கள். சிறிய பெட்டி வாங்கினால் அரை உயரக் கார்டுதான் நுழையும், அளந்து வாங்குங்கள். இல்லையெனில் பிரிண்டரை ஷேர் செய்து, நெட் யூஸ் கட்டளையால் எல்.பி.டி.1-ஐ அதற்குத் திருப்பலாம்.

டாட் மேட்ரிக்ஸுக்கு டிரைவர் கிடைக்காவிட்டால் விண்டோஸிலேயே உள்ள ஜெனரிக் டெக்ஸ்ட் ஒன்லி டிரைவரைப் போடுங்கள். வெறும் எழுத்து அச்சுக்கு அதுவே வேகம். முக்கியம், தாளின் அளவு. எங்கள் பில் ஆறு அங்குல உயரத் தொடர்தாள். விண்டோஸ் அதை ஏ4 என்று நினைத்துக்கொண்டது. பில்லுக்குப் பில் அச்சு இடம் தவறி, மொத்தத் தொகை கிழிகோட்டின் மேலேயே விழுந்தது. கிழித்துக் கொடுத்தால் விவசாயியிடம் ஒரு பாதி, எங்களிடம் மறுபாதி. பிரின்ட் சர்வர் பண்புகளில் புதுத் தாள் அளவு ஒன்றை உருவாக்கி, பிரிண்டர் அமைப்பில் அதைத் தேர்ந்தெடுத்தபின் சரியானது. பத்து பில் தொடர்ந்து அடித்துப் பார்க்காமல் பிரிண்டர் தயார் என்று சொல்லாதீர்கள்.

எடைமேடையின் டிஜிட்டல் காட்டியிலிருந்து சீரியல் கம்பி வரும். அதற்கான யூ.எஸ்.பி. மாற்றுக் கம்பியில் உள்ள சிப்தான் எல்லாம். மலிவான கம்பிகளில் பழைய, அல்லது போலியான, பி.எல்.2303 சிப் இருக்கும். விண்டோஸ் 11-இல் டிவைஸ் மேனேஜரைத் திறந்தால், “2012 முதல் நிறுத்தப்பட்டது, விற்றவரைத் தொடர்பு கொள்ளவும்” என்ற பொருளில் சிப்பின் பெயருக்குப் பக்கத்திலேயே எழுதியிருக்கும். பிப்ரவரியில் லாரிகள் நின்றது இந்த ஒரு வரியால்தான். எஃப்.டி.டி.ஐ. சிப் உள்ள கம்பியாகக் கேட்டு வாங்குங்கள். அடுத்து போர்ட் எண். விண்டோஸ் காம் 7 என்று ஏதாவது கொடுத்துவிடும். பழைய புரோகிராம் காம் 1 முதல் 4 வரைதான் அறியும். டிவைஸ் மேனேஜரில் போர்ட்டின் அட்வான்ஸ்டு பக்கத்தில் எண்ணை மாற்றலாம். கம்பியை எப்போதும் அதே யூ.எஸ்.பி. துளையில் செருகுங்கள், துளையின் மேல் ஒரு ஸ்டிக்கர் ஒட்டிவிடுங்கள்.

டிஜிட்டல் கையொப்ப டோக்கன் பயமுறுத்தும், ஆனால் எளிது. சாவி டோக்கனுக்குள்ளேயே இருக்கிறது, கணினியில் இல்லை. டோக்கனின் புது டிரைவரையும், ஜி.எஸ்.டி. தளத்துக்கு எம்சைனரையும், வருமான வரித் தளத்துக்கு எம்பிரிட்ஜையும் போட்டால் போதும். கடவுச்சொல் மறந்திருந்தால் ஊகித்து ஊகித்துத் தட்டாதீர்கள், டோக்கன் பூட்டிக்கொள்ளும்.

9. ஷேர் ஃபோல்டரும் பூட்டும்

பின்னறை எக்ஸ்பி பெட்டியில் ஷேர் செய்த ஃபோல்டரை விண்டோஸ் 11 திறக்காது. எக்ஸ்பி பேசுவது எஸ்.எம்.பி. 1 என்ற பழைய மொழி; புது விண்டோஸில் அது நிறுவப்படுவதே இல்லை. அதை இயக்கிக் கொடுக்கிறேன் என்று டெக்னீஷியன் சொன்னால் தடுத்துவிடுங்கள். 2017 மே மாதம் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டு உலகத்தையே ஆட்டிய வானாகிரை என்ற தீநிரல் அந்த வழியாகத்தான் பரவியது. எக்ஸ்பி பெட்டியின் கோப்புகளைப் புதுக் கணினி ஒன்றுக்கு மாற்றி, அங்கிருந்து ஷேர் செய்யுங்கள். கடவுச்சொல் இல்லாத விருந்தினர் நுழைவையும் புதிய புரோ பதிப்புகள் ஏற்பதில்லை. ஒவ்வொரு மேசைக்கும் ஒரு பயனர் பெயரும் கடவுச்சொல்லும் உருவாக்குங்கள்.

மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து விண்டோஸ் 11-ஐ அமைத்தால் டிஸ்க் தானாகவே குறியாக்கம் செய்து பூட்டப்படலாம். மீட்புச் சாவி 48 இலக்கம். பயாஸில் ஏதாவது மாற்றினாலோ மதர்போர்டு பழுதானாலோ அதைக் கேட்கும். அச்சடித்து பீரோவில் வையுங்கள். அந்தக் கணக்கு டெக்னீஷியனின் மின்னஞ்சலாக இருந்துவிடக் கூடாது.

10. ஒரு வாரம் இரட்டைக் கணக்கு

பழைய பெட்டியை அணைக்காதீர்கள். ஒரு வாரம், முடிந்தால் இரண்டு, எல்லா பில்லையும் இரண்டிலும் போடுங்கள். மாலையில் மொத்த மூட்டை, மொத்த எடை, தரகு, நிலுவை நான்கையும் ஒப்பிடுங்கள். எங்களுக்கு மூன்றாம் நாள் எடையில் 40 கிலோ இடித்தது. புரோகிராமின் தவறல்ல, ஒரு சீட்டை ஒரு பெட்டியில் மட்டும் போட்டுவிட்டோம். ஆட்கள் முணுமுணுப்பார்கள். அந்த வாரம் மாலை வடையும் டீயும் மண்டிக் கணக்கில் எழுதுங்கள்.

ஒரே நாளில் ஏழையும் மாற்றாதீர்கள். முதலில் நெருக்கடி குறைந்த மேசை, கடைசியில் எடைமேடை.

11. பழைய பெட்டிகள்

டேலி உரிமம் சரண்டர் ஆகிவிட்டதா என்று மறுபடி பாருங்கள். பிறகு ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றுங்கள், நான்கு திருகுதான். டிஸ்க் இல்லாத பெட்டியைப் பதிவு பெற்ற மறுசுழற்சி நிறுவனத்திடம் கொடுத்து ரசீது வாங்குங்கள். 2022-ஆம் ஆண்டு மின்கழிவு விதிகள் 2023 ஏப்ரல் முதல் நடப்பில் இருக்கின்றன. காயலான் கடைக்கு எடைக்குப் போட்டுவிடாதீர்கள். சொத்துப் பட்டியலிலிருந்து நீக்க அந்த ரசீதைத் தணிக்கையாளரும் கேட்பார்.

எடைமேடைப் பெட்டியை மட்டும் நான் கொடுக்கவில்லை. பிளாஸ்டிக் உறை போட்டு, பின்னால் எந்தக் கம்பி எங்கே என்று காகிதம் ஒட்டி, அடுத்த சீசன் முடியும் வரை அலமாரியில் வைத்திருக்கிறேன். பக்கத்தில் ஒரு பெட்டி கார்பன் தாளும் இருக்கிறது. அதை வாங்கி வைத்தவர் கணக்குப்பிள்ளை.